பன்னிரண்டரையில் வைக்கவும்

பிறப்பு: 1963, பிப்ரவரி 11. தொழில்: சீருடைத் தையற்கூடத்தில் துணி வெட்டுதல். பணியில் சேர்ந்த நாள்: 1986, ஆகஸ்ட் 4. திருமணம்: 1989. மனைவி: 1992 முதல் அதே கூடத்தில், பொத்தான் துளை தைக்கும் காஜா இயந்திரத்தில். பிள்ளைகள்: இருவர், இருவரும் வெளியூரில். அழைக்கப்படும் பெயர்: அரை மாஸ்டர்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும், ஆள் தொழிலைப் பாதிதான் கற்றவர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வதுண்டு. உண்மை அதுவன்று. சேர்ந்த நான்காம் மாதத்தில் அவர் காவலாளிகளுக்கான நாற்பது சட்டைகளை எடுத்த அளவுக்கு அப்படியே வெட்டினார். தையலுக்காக ஓரத்தில் விட வேண்டிய அரை அங்குலத்தை மறந்துபோனார். நாற்பது சட்டைகளும் நாற்பது கழுத்துகளை நெரித்தன. அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது இரத்தத்தில் இறங்கிவிட்டது. அதன்பின் எந்த எண்ணை எடுத்தாலும் அவருடைய நாக்கும் கையும் தாமாகவே ஓர் அரையைச் சேர்த்துவிடும். விடுப்பு விண்ணப்பத்தில் ‘மூன்றரை நாள்’ என்று எழுதுவார். வயது கேட்டால் பிறந்தநாளன்றுகூட அரை கூட்டிச் சொல்வார். ஒருமுறை மருத்துவர், “பிள்ளைங்க எத்தனை?” என்று கேட்டதற்கு, “ரெண்டரை” என்று சொல்லி, பக்கத்தில் நின்ற மனைவியின் வயிற்றை மருத்துவர் கூர்ந்து பார்க்கும்படி செய்தார். இந்தப் பழக்கம் உலகத்துக்கே தெரியும்; அவருக்கு மட்டும் தெரியாது. பிறர் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

தையற்கூடம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. பதினோரு தையல் இயந்திரங்கள், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் ஒன்று, காஜா ஒன்று, இஸ்திரி மேசை ஒன்று, சன்னலோரம் இருபத்து நான்கு அடி நீளத்தில் வெட்டும் மேசை. மேற்பார்வையாளர் அம்மாவையும் சேர்த்து ஆட்கள் பதினாறு பேர். நூல்கண்டு அலமாரியின் உச்சியில் ஓர் ஒலிபெருக்கி. அதன் திருகைத் திருப்பினால் சிவப்பு எழுத்தில் எண் ஏறும்: சுழியம் முதல் இருபது வரை, முழு எண்களாக.

அந்த ஒலிபெருக்கியால் 2019, மார்ச் 4, திங்கட்கிழமை, ஒரு போர் மூண்டது. ஓவர்லாக் இயந்திரத்தில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எல்லோரும் ‘ஓவர்லாக்’ என்றே கூப்பிடுவார்கள். அவளுக்குப் பிடித்தது, தாளத்தை அடித்தளத்தில் அதிரவிட்டு அதன்மேல் வசனம்போல் மூச்சுவிடாமல் பொழிகிற சொல்லிசை. மாஸ்டர் அதற்கு வைத்திருந்த பெயர் தகரப் பாட்டு. அன்று அவள் அப்படி ஒன்றைப் போட்டாள்; அவர் அணைத்தார். அவள் போட்டாள், அவர் மின்கம்பியையே பிடுங்கினார். மேற்பார்வையாளர் அம்மா தலையிட்டு ஒரு முறைமை வகுத்தார். விரும்பும் பாட்டைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பொத்தான் டப்பாவில் போட வேண்டும். திங்கள்தோறும் காலை பதினொரு மணிக்குச் சீட்டுகள் படிக்கப்படும். ஏற்கப்பட்ட பாட்டுகள் அந்த வாரம் முழுதும் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை ஒலிக்கும்.

மாஸ்டர் இதற்கு இணங்கினார். ஆனால் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்தார்: “இந்தக் கூடத்தில் தகரப் பாட்டு ஒலித்தால், அந்தக் கணமே கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுவேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.” அறுபது மடிப்புத் துணியை ஒரு நூல் பிசகாமல் ஒரே வெட்டில் வெட்டக்கூடியவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான். ஆகவே தாள் சட்டமாயிற்று. தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் அதை ஊசி குத்தித் தொங்கவிட்டார்கள்.

இரண்டரை ஆண்டுகள் சட்டம் நின்றது. பிறகு மாஸ்டர் சவரம் செய்துகொள்ளப் போனார்.

2021 செப்டம்பர். முகம் முழுக்க நுரை, கழுத்தில் கத்தி. அந்த நேரம் பார்த்து முடிதிருத்துபவரின் கடையில் தகரப் பாட்டு ஒன்று தொடங்கியது. கழுத்தில் கத்தி இருக்கும்போது ரசனை குறித்து வாதாடுவது உடம்புக்கு நல்லதன்று என்பதால் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்வது என்று முடிவு செய்தார். முதல் நிமிடத்திலேயே ஓர் அதிர்ச்சி: இதில் வார்த்தை இருக்கிறது! வேலை தேடி அலையும் ஒருவன், அன்றைக்கு ஏறி இறங்கிய மாடிப்படிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டே போகிறான். முதல் கட்டடத்தில் இருபது படி, இரண்டாவதில் முப்பத்தாறு, மூன்றாவதில் ஐம்பத்தாறு. ஒவ்வொரு கதவிலும் ஒரே பதில். எண்ணிக்கையை மாஸ்டர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். பயல் சொன்ன கூட்டுத்தொகை சரியாக இருந்தது. கீழே தாளம், அறுபது மடிப்புக்குள் வெட்டும் கத்தி இறங்குகிற அதே சீரில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் கதவு திறக்கும் இடத்தில் தாளம் சட்டென்று நின்றது. மாஸ்டருக்குத் தொண்டை அடைத்தது. கத்தி அங்கேயே இருந்ததால் விழுங்கவும் முடியவில்லை.

வாரத்துக்கு ஒன்றாக இருந்த சவரம் அதன்பின் மூன்றாயிற்று.

“என்னங்க, கன்னம் தேஞ்சு போகப்போகுது. மறுபடி பொண்ணு பார்க்கப் போறீங்களா?” என்றார் மனைவி.

“சுத்தமா இருந்தா உனக்குப் பொறுக்காதே.”

ஆனால் அந்த இன்பம் நீடிக்கவில்லை. மாஸ்டரின் கொள்கை தெருவறிந்தது. ஏழாவதோ எட்டாவதோ சவரத்தின்போது, முடிதிருத்துபவர் மிகுந்த பணிவோடு பழைய மெல்லிசை ஒன்றை ஓடவிட்டிருந்தார்.

“நீங்க படி ஏறும்போதே அந்தக் கருமத்தை நிறுத்திட்டேன், மாஸ்டர். உங்களுக்குன்னே இதைத் தேடி வச்சிருக்கேன். இனிமே நீங்க எப்ப வந்தாலும் இதுதான்.”

மாஸ்டர் நன்றி சொல்லிவிட்டு, நுரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கைப்பேசியில் தேடிப் போட்டுப் பார்த்தார். பாட்டு வந்தது, அதன் கால் வரவில்லை. தரையோடு அதிர வேண்டிய தாளம் அந்தச் சிறு கருவிக்கு எட்டாமல், கொசு ஒன்று படிக்கட்டு எண்ணுவதுபோல் இருந்தது. காதுக்குள் மாட்டிக் கேட்கலாமென்றால், அப்படிக் கேட்கிற ஓவர்லாக்கை நாள்தோறும், “என்னம்மா, காதுல நூல் கோத்தாச்சா?” என்று கிண்டல் செய்தவரே அவர்தான். தாளத்தை அதன் முழு உடம்போடு தரக்கூடியது நூல்கண்டு அலமாரியின் உச்சியிலிருந்த ஒலிபெருக்கி ஒன்றுதான். அதற்குக் குறுக்கே நின்றது அவருடைய கையொப்பம். பாட்டையும் கேட்க வேண்டும். பதினைந்து பேர் அறிய எழுதிக்கொடுத்த சொல்லும் நிற்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் வெட்டிய எந்தத் துணியும் இவ்வளவு இழுபறியாக இருந்ததில்லை.

யோசித்து ஒரு திட்டம் வகுத்தார். டப்பாவில் பெயரில்லாச் சீட்டு விழும். கூடம் கெஞ்சும். அவர் ஒருமுறை மறுப்பார், மறுமுறையும் மறுப்பார். மூன்றாம் முறை, “சரி, இத்தனை பேர் ஆசைப்படுறீங்க, உங்க சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும்” என்று பெருந்தன்மையோடு தாளைக் கிழிப்பார். அந்தப் பெருந்தன்மைக்கான முகத்தைக் கண்ணாடியில் இரண்டு முறை பழகியும் பார்த்தார்.

2022, மே 1, ஞாயிற்றுக்கிழமை. மனைவி கடைக்குப் போயிருந்தார். பழைய நாட்குறிப்பிலிருந்து ஒரு வெற்றுத்தாளைக் கிழித்தார். வெட்டும் மேசையின் பழுப்புத்தாளைத் தொடவில்லை. எழுதியது இடக்கையால். துணியில் கோடு போடும் நீலப் பென்சிலை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்திருந்தார். “மாடிப்படிப் பாட்டு வேண்டும். சத்தம் 12½-இல் வைக்கவும்.” தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார். கையெழுத்து காட்டிக்கொடுக்காது. தாள் காட்டிக்கொடுக்காது. மை காட்டிக்கொடுக்காது. திருப்தியோடு மடித்தார்.

மறுநாள் பதினொரு மணி. சீட்டுப் படிப்பவர் இஸ்திரி மேசைக்காரர். அவரை அயர்ன் அண்ணன் என்பார்கள். வானொலி அறிவிப்பாளராகியிருக்க வேண்டியவர் இஸ்திரிப் பெட்டியிடம் மாட்டிக்கொண்டதாக அவருக்கு ஓர் எண்ணம் உண்டு.

“அடுத்ததாக நேயர் ஒருவர் விரும்பிக் கேட்டிருப்பது... மாடிப்படிப் பாட்டு...” என்றவர், அதற்குமேல் படிக்காமல் தாளை இறக்கிவிட்டார்.

தையல் ஊசிகள் அப்படியே நின்றன. மாஸ்டர் கத்தரியை மேசையில் ஓங்கி வைத்தார். திட்டத்தின் முதல் படி இது.

“யார் வேலை இது?”

“சத்தியமா நான் இல்லை, மாஸ்டர்” என்றாள் ஓவர்லாக்.

“நீ இல்லாம வேற யாரு?”

“எனக்கு வேணும்னா காதுல நூல் கோத்துக் கேட்டுக்குவேனே. உங்களை வெளியே அனுப்பிட்டு அறுபது மடிப்பை நானா வெட்டுறது?”

மேற்பார்வையாளர் அம்மா பதறிப்போனார். “அண்ணே, நீங்க கோபப்படாதீங்க. அந்தச் சீட்டைக் கழிச்சாச்சு.”

“இல்லம்மா, யாரோ ஆசைப்பட்டு எழுதியிருக்காங்க...” என்று மாஸ்டர் இழுத்தார்.

“ஆசையாவது! சொன்னா சொன்னதுதான்” என்று சொல்லி, சீட்டை நாலாக மடித்து, உறுதிமொழித் தாளுக்குக் கீழே ஊசியால் குத்திவைத்தார்.

இவ்வாறு மே 9, 16, 23, 30 என்று நான்கு திங்கட்கிழமைகள் போயின. சீட்டுகளின் கையெழுத்து மாறியது; சாய்வு மாறியது; ஒன்றில் வேண்டுமென்றே எழுத்துப்பிழை. ஒவ்வொரு முறையும் அயர்ன் அண்ணன் பாட்டின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கூடமே ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கூவியதால், மிச்சத்தை யாரும் படிக்கவில்லை. மாஸ்டர் இளகிக்கொண்டே வந்தார். கூடம் இறுகிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் சீட்டின்போது அவர், “பாவம், ஏதோ ஒரு ஜீவன் விடாம கேட்குது, ஒரே ஒரு தடவை...” என்று தொடங்கினார்.

“உங்க மனசு பெரிசு, மாஸ்டர். அதுக்காக அது மேல ஏறி நாங்க நடக்கலாமா?” என்று ஓவர்லாக் கண்கலங்கவே செய்தாள்.

மற்றவர்கள் கைதட்டினார்கள். தாம் எழுதிய தாளுக்குக் கிடைத்த மரியாதையில் மாஸ்டர் மூச்சுமுட்டிப் போனார்.

அன்று மாலை வீட்டில், தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே மனைவி கேட்டார்: “அந்தச் சீட்டு யார் போடுறதா இருக்கும்?”

“எனக்கென்ன தெரியும். தகரத்துக்கு ஆசைப்படுற ஆளை எனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணமான புதுசுல வயலினைப் பூனை வாலை மிதிச்ச சத்தம்னு சொன்னீங்க. ’99-ல அதைக் கேட்டுட்டே அடுப்புல பாலைப் பொங்கவிட்டீங்க.”

“அது வேற.”

“’95-ல மாடி வீட்டுக்காரர் சாஸ்திரியப் பாட்டுப் போட்டா, பல்வலிக்காரன் முனகுறான்னு கதவைச் சாத்துனீங்க. 2005-ல அவர் வீடு மாறினப்போ, அந்தக் கேசட்டெல்லாம் தருவாரான்னு என்னைத் தூது அனுப்புனீங்க. வெளிநாட்டுக்காரன் ஊதுற குழலைக் கேட்டு, குழாயில தண்ணி வராம காத்து வருதுன்னீங்க. அதுக்கும் சரியா பத்து வருஷம். தகரம்னு நீங்க முதல்ல சொன்னது 2012.”

“அதனால?”

“ஒண்ணுமில்லை. இது 2022. என் குரலைக்கூட பொண்ணு பார்த்த அன்னைக்குக் கீச்சுன்னு சொன்னீங்களாம்.”

“அது ஒண்ணைப் பத்தி மட்டும் நான் இன்னும் மனசு மாத்திக்கலை” என்றார் மாஸ்டர்.

மனைவி தண்ணீர் சொட்டும் கையை அவர் முகத்தில் உதறிவிட்டுப் போனார்.

ஜூன் 6 அன்று ஆறாவது சீட்டும் சுவருக்குப் போயிற்று. மாஸ்டர் மனம் விட்டுவிட்டார். இனி எழுதுவதில்லை, செவிடாகப் பிறந்ததாக நினைத்துக்கொள்வோம் என்று முடிவு கட்டினார். ஜூன் 13 அன்று டப்பா திறக்கப்பட்டபோது அவர் சீட்டு எதுவும் அதில் இல்லை. ஆகவே மேசையில் துணியை நீவிக்கொண்டு நிம்மதியாக நின்றார்.

“நேயர்களே, இன்றும் மாடிப்படிப் பாட்டு!” என்றார் அயர்ன் அண்ணன்.

மாஸ்டரின் கை துணியிலேயே உறைந்தது. வழக்கமான கூச்சல் எழுமுன், அயர்ன் அண்ணன், “பொறுங்க, பொறுங்க, கீழே ஏதோ இருக்கு” என்று தாளை எட்டப் பிடித்துப் படித்தார்: “பன்னிரண்டில் வைத்தால் போதும். அரை வேண்டாம்.”

“என்ன அரை?” என்றார் மேற்பார்வையாளர் அம்மா.

ஓவர்லாக் எழுந்தாள். சுவரிலிருந்த ஆறு சீட்டுகளையும் ஊசியிலிருந்து உருவி, ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“பன்னிரண்டரை. பத்தரை. பதினாலரை. மறுபடியும் பன்னிரண்டரை. பதினைஞ்சரை. பன்னிரண்டரை.” நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தாள். “ஏங்க, இந்தப் பெட்டியில அரை எங்க இருக்கு?”

பதினான்கு முகங்கள் வெட்டும் மேசையின் பக்கம் திரும்பின. மாஸ்டரும், யாரைப் பார்க்கிறார்கள் என்று அறிய, தம் பின்னால் திரும்பிப் பார்த்தார். சன்னல்தான் இருந்தது. மெல்ல முன்னால் திரும்பினார். பதினைந்தாவது முகம் காஜா இயந்திரத்தின்மேல் குனிந்து, ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தது.

“நீயா?” என்றார்.

கூடத்தில் அவரை எல்லோரையும்போல் மாஸ்டர் என்றே அழைக்கும் மனைவி, முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக, “என்னங்க?” என்றார்.

அதோடு கூடம் வெடித்தது. அயர்ன் அண்ணன் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டைக் காலர் கருகியது. ஓவர்லாக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்தார். கத்தரியை அதில் வைத்துச் சுற்றினார். சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. மேற்பார்வையாளர் அம்மாவின் முகம் வெளுத்தது.

“அண்ணே, ஏதோ விளையாட்டுக்குச் சிரிச்சுட்டாங்க. பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கத்தரியைக் கீழே வைங்க.”

ஓவர்லாக் எழுந்து நின்றாள். “மாஸ்டர், மன்னிச்சுக்கோங்க.”

அவர் சுவரிலிருந்த தாளின் முன்னால் போய் நின்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாம் எழுதியதை, அளவு சரிபார்ப்பதுபோல் விரல்வைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு வாசலை நோக்கி நடந்தார். மனைவி நூலை விட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

மாஸ்டர் வாசற்படியைத் தாண்டினார். தாண்டி, சரியாக ஓரடி தூரத்தில், நடைவழியின் சுவரில் சாய்ந்துகொண்டு கூடத்தைப் பார்த்து நின்றார்.

“வாசலைத் தாண்டிடுவேன்னுதான் எழுதியிருக்கு. எவ்வளவு தூரம்னு எழுதலை. எத்தனை நேரம்னும் எழுதலை” என்றார். “நான் எதை வெட்டினாலும் ஓரத்துல கொஞ்சம் துணி விட்டுத்தான் வெட்டுவேன். போடுங்க பாட்டை.”

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது அவர் மனைவிக்கு. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஓவர்லாக் ஒலிபெருக்கியிடம் ஓடினாள்.

“கதவைச் சாத்தட்டுமா, மாஸ்டர்?”

“எதுக்கு? காத்து வரட்டும்.”

“சத்தம் எத்தனையில வைக்க?”

“வெளியில நிக்கிறவனுக்கும் கேட்க வேண்டாமா? பதினாறரை.” சொன்ன பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக அந்த அரை அவர் காதிலேயே விழுந்தது. திருதிருவென்று விழித்தார்.

“சரி, பாதிப் பாட்டுக்குப் பதினாறு, மீதிப் பாதிக்குப் பதினேழு. கணக்கு நேராச்சா?” என்று ஓவர்லாக் திருகைத் திருப்பினாள்.

முதல் படியில் தாளம் இறங்கியது. நூல்கண்டுகள் அலமாரியில் நடுங்கின. வெட்டும் மேசையின் இரும்புக்கால்கள் முனகின. நடைவழித் தரை மாஸ்டரின் செருப்புக்குள் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டுப் படிகளை எண்ணினார். கடைசிக் கதவு திறக்கும் இடத்தில் தாளம் நின்றபோது, கழுத்தில் கத்தி இல்லாததால், தாராளமாக விழுங்கினார். பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்து, துணியைப் பிரித்து, கத்தரியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

பணிநேரத்தில் வாசலைத் தாண்டுகிறவர் எவராயினும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது கூடத்தின் விதி. மேற்பார்வையாளர் அம்மா மாஸ்டருக்காக ஒரு தனிப் பக்கம் திறந்துகொடுத்தார். பதிவுகள் அவருடைய நீலப் பென்சிலில், வலக்கை எழுத்தில் உள்ளன. முதல் வரி: ஜூன் 13, வெளியேறிய நேரம் 11.20, திரும்பிய நேரம் 11.24, காரணம்: கொள்கை. ஞாயிறு நீங்கலாக ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, காரணம் மாறவில்லை. அந்தப் பக்கம் இருபத்து மூன்று வரிகளோடு நிரம்புகிறது. கடைசி வரி: ஜூலை 8, வெளியேறிய நேரம் 11.20, திரும்பிய நேரம் 11.22, குறிப்பு: பாதிப் பாட்டில் மின்சாரம் போய்விட்டது. பக்கத்தின் அடியில் அவரே கூட்டிப் போட்டிருக்கும் மொத்தம்: 22½.